ரிப்பன் கட்டிய எலி வேட்டைக்காரி

பக்கத்து வீட்டு யார்க்‌ஷயர் டெரியர் நாயை இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில். மூன்று கிலோகூட இருக்க மாட்டாள். உச்சியில் சிவப்பு ரிப்பன். குரைத்தால் மட்டும், உள்ளே அல்சேஷன் நிற்கிறதோ என்று கூரியர்காரர் இரண்டடி பின்வாங்குகிறார்.

பொம்மை என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நெசவாலைகளில் எலி பிடித்த கூட்டம் இது. பிழைப்பு தேடி வந்த ஸ்காட்லாந்து நெசவாளிகள் கூடவே கூட்டிவந்த டெரியர்கள்தான் மூதாதையர். 1865-இல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்டு பென் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் தந்தை என்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதே இனத்தைச் சேர்ந்த ஸ்மோக்கியின் கதை. இரண்டாம் உலகப் போர் நடந்த 1944-இல் நியூ கினி காட்டில், ஒரு பதுங்குகுழியில் அமெரிக்கப் படையினருக்குக் கிடைத்தவள். பிலிப்பைன்ஸில் விமான ஓடுதளத்துக்கு அடியில் சுமார் 70 அடி நீளக் குழாய். விட்டம் வெறும் 8 அங்குலம். அதற்குள் தந்திக் கம்பியை இழுத்துக்கொண்டு மறுபக்கம் வந்தாள்! இல்லையென்றால் ஓடுதளத்தையே தோண்டியிருக்க வேண்டும்.

சரி, நம்மவளுக்கு வருவோம். தோலை ஒட்டி அடர்ந்து வளரும் உள்முடி கிடையாது. மனித முடிபோல வளர்ந்துகொண்டே போகும், தினமும் சீவாவிட்டால் சிக்குதான். மூச்சுக்குழாய் நலிந்த இனம் என்பதால் கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்கவே கூடாது, மார்புப்பட்டைதான். பல் சீக்கிரம் கெடுமாம். தினம் தேய்க்க வேண்டும். நேற்று தேய்த்தேன். பிரஷ் இரண்டு துண்டு.