கேரவனில் கரண்ட் நின்றால்: பேட்டரியை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

கேரவனில் ராத்திரி லைட் மங்கினாலும் சரி, ஃப்ரிட்ஜ் நின்றாலும் சரி, முதல் பழி பேட்டரி மேல்தான் விழுகிறது. உடனே பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி மாட்டுவார்கள். இரண்டு வாரத்தில் அதே தொல்லை திரும்ப வரும். பேட்டரியில் கரண்ட் இருந்தது. ஃப்ரிட்ஜ் வரைக்கும் வந்து சேரவில்லை. நடுவில் இருக்கும் ஒயர், லக்கு (ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோகக் கொண்டி), ஃபியூஸ் ஹோல்டர், பாடி எர்த்து (வண்டியின் உடம்போடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) ஆகிய நான்கில் ஏதோ ஒன்று அதைத் தின்றுவிட்டது. எது என்று மீட்டர் சொல்லும். அதைக் கேட்காமல் பேட்டரிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு கருவி போதும். ஒன்று சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், இன்னொன்று கிளாம்ப் மீட்டர். இரண்டுமே எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி ஆம்பியரை மட்டுமே அளக்கும். பேட்டரி ஒயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். டிசி ஆம்பியர் அளக்குமா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

முதலில் பேட்டரியின் ஓய்வு வோல்ட்டேஜ். என்ஜின், சார்ஜர், சோலார் எல்லாவற்றையும் நிறுத்தி, லோடு எதுவும் இல்லாமல் நாலைந்து மணி நேரம் விட்டபின் பேட்டரி முனையிலேயே அளக்க வேண்டும். டியூபுலர் உள்ளிட்ட லெட்-ஆசிட் பேட்டரியில் 12.7 என்றால் முழு சார்ஜ். 12.4 சுமார் முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 11.8-க்குக் கீழே அடிக்கடி போகவிட்டால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, பேட்டரி உண்மையிலேயே கெட்டுப்போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முழு சார்ஜிலும் பாதி சார்ஜிலும் அது ஏறக்குறைய 13-லேயே நிற்கும், ஆகவே அதற்கு ஷன்ட் (ஓடும் கரண்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர்தான் சரி. முனையில் திடீரென்று பூஜ்யமோ இரண்டு மூன்று வோல்ட்டோ காட்டினால் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் பாதுகாப்புக்காகத் துண்டித்திருக்கலாம். லித்தியம் சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

ஓய்வு வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் அடுத்ததுதான் முக்கியமான சோதனை. ஃப்ரிட்ஜையோ தண்ணி பம்பையோ ஓடவிட்டு, அது ஓடும்போதே அளக்க வேண்டும். லோடு இல்லாமல் அளந்தால் மோசமான ஜாயின்ட்கூட 12.6 காட்டி ஏமாற்றும், ஏனென்றால் கரண்ட் ஓடினால்தான் வோல்ட்டேஜ் இழப்பு தெரியும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைப் பம்பின் பாசிட்டிவ் ஒயரிலும் வையுங்கள். மீட்டர் காட்டும் எண்தான் அந்த வழியில் தொலைந்த வோல்ட்டேஜ். 0.3-க்குள் இருந்தால் விட்டுவிடலாம். 0.7, 1 என்று வந்தால் நடுவில் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸில் மறு முனையை வைத்துப் பாருங்கள். இழப்பு பேட்டரிப் பக்கமா, பம்புப் பக்கமா என்று பிரிந்துவிடும். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் நாலைந்து அளவில் குற்றவாளி லக்கு எது என்று தெரிந்துவிடும். எல்லாப் பேனலையும் கழற்ற வேண்டியதில்லை.

ஒயர் மெல்லியதாக இருப்பதும் இதே அறிகுறியைத்தான் காட்டும். பேட்டரி முன்னால், ஃப்ரிட்ஜ் ஐந்து மீட்டர் பின்னால் என்று வையுங்கள். போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து மீட்டர் செம்பு. ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுத்தால் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் கிட்டத்தட்ட 0.6 வோல்ட் போய்விடும். 2.5-இல் 0.35, 6-இல் 0.15. அந்த 0.6 வோல்ட்தான் ஃப்ரிட்ஜை நிறுத்துகிறது. பேட்டரியில் 12.0 இருந்தாலும் ஃப்ரிட்ஜ் பார்ப்பது 11.4, கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அது இன்னும் இறங்கும். ஃப்ரிட்ஜின் பேட்டரி காப்பு (வோல்ட்டேஜ் இறங்கினால் ஃப்ரிட்ஜைத் தானே நிறுத்தும் செட்டிங்) 'ஹை' நிலையில் இருந்தால் 11-க்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்ளும். வீட்டு பேட்டரி (ஃப்ரிட்ஜ், லைட், பம்புக்கான பேட்டரி) ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து தனியாக இருக்கிற வண்டியில் அதை 'லோ' அல்லது 'மீடியம்' ஆக்கிவிட்டு, ஒயரையும் 6 ஸ்கொயருக்கு மாற்றுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஃப்ரிட்ஜை மாட்டாதீர்கள். அதன் தொடர்பு தளர்ந்து சூடாகும்.

இதே சோதனையை நெகட்டிவ் பக்கமும் செய்ய வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் ஒளிந்திருப்பது இங்கேதான். பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை, பம்பின் நெகட்டிவ் ஒயரில் ஒரு முனை. 0.2-க்கு மேல் வந்தால் எர்த்து சரியில்லை. டெம்போ டிராவலர் போன்ற வண்டியை கேரவனாக மாற்றும்போது உள் பலகைகள், அலுமினியத் தகடு, ஃபைபர் பேனல் எல்லாம் ரிவெட் அடித்தே நிற்கின்றன. அந்தத் தகட்டில் ஒரு ஸ்க்ரூ போட்டு எர்த்து எடுத்தால் முதல் மாதம் வேலை செய்யும். ரிவெட் தளர்ந்து உப்பு பூத்ததும் விட்டு விட்டு வரும். பிரேக் பிடித்தால் உள்லைட் மங்குவது, பம்பு போட்டால் ஃபேன் வேகம் குறைவது எல்லாம் இதன் அடையாளம். எல்லா நெகட்டிவ் ஒயரையும் ஒரே பஸ்பாருக்கு (பல ஒயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டைக்கு) கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு தடித்த ஒயரைப் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்னொன்றைச் சேஸிஸுக்கும் கொடுங்கள். சேஸிஸில் பெயின்ட்டை வெற்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, அதன்பின் மேலே வாசலைன் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்கக் கூடாது.

கட்டிங் பிளையரால் நசுக்கிய லக்கு ஆறு மாதத்தில் தளரும். 16 ஸ்கொயருக்கு மேல் லக்கை நசுக்கி இறுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர் வேண்டும், எஸ்.பி. ரோட்டு கேபிள் கடைகளில் அளவு சொன்னால் லக்கு அடித்தே கொடுப்பார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அடிக்கடி போகிறது என்று 15-ஐ எடுத்து 30 போடுவது பலகைக்குள்ளே தீ வைப்பதற்குச் சமம். 1.5 ஸ்கொயர் ஒயருக்கு 15, 2.5-க்கு 20 ஆம்பியருக்கு மேல் போக வேண்டாம்.

எல்லா அளவும் சரியாக வந்தும் விடியுமுன் பேட்டரி இறங்குகிறதா? அது கோளாறு இல்லை, கணக்கு. ஃப்ரிட்ஜ் ஒரு நாளில் பத்து மணி நேரம் 4 ஆம்பியர் இழுத்தால் 40 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது). ஃபேன் 12, லைட் 5, லேப்டாப்பும் போனும் 15, பம்பு 1. மொத்தம் 73 ஆம்பியர் அவர். 100 ஆம்பியர் அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் கையில் இருப்பதே 50தான். 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை இன்வெர்ட்டரில் வைத்தால் பேட்டரியிலிருந்து சுமார் 165 ஆம்பியர் போகும். லித்தியம் பேட்டரியில் 100 ஆம்பியர் பிஎம்எஸ் இருந்தால் உடனே துண்டித்துவிடும். சமையலுக்குக் கேஸ் அடுப்பே நல்லது.

ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, என்ஜினைக் கொஞ்சம் வேகம் கொடுத்து ஸ்டார்ட்டர் பேட்டரியில் அளங்கள். 13.8 முதல் 14.4 வர வேண்டும். அங்கே வந்து, வீட்டு பேட்டரியில் 12.5-லேயே நின்றால் நடுவில் உள்ள ஃபியூஸையோ ரிலேயையோ பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகை விதி) வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் தானே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலே சேர்வதற்குச் சுமார் 13.3 வேண்டும், ஆகவே அது சேராமலே கிடக்கும். இதற்கு, வரும் வோல்ட்டேஜைச் சரிசெய்து வீட்டு பேட்டரிக்குக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் தீர்வு. லித்தியம் பேட்டரிக்கும் அதுவே வேண்டும்; நேரடியாக இணைத்தால் அது இழுக்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகலாம். 30 ஆம்பியர் சார்ஜரோடு மைசூர் ரோட்டில் இரண்டு மணி நேரம் ஓடினால் 60 ஆம்பியர் அவர் ஏறும். சில்க் போர்டு நெரிசலில் இரண்டு மணி நேரம் நிற்பது அதற்கு ஈடாகாது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தருவதே குறைவு.

சோலாரைப் பற்றி இரண்டே விஷயம். பெங்களூரில் வண்டி நிற்பது ஒன்று தூங்குமூஞ்சி மர நிழலில், இல்லையென்றால் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில். ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பேனலின் உற்பத்தி பெருமளவு சரியும். சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் எப்போதும் பேட்டரியை முதலில் இணைத்து, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.

பேஸ்மென்ட்டில் ஒரு மாதம் நிறுத்துகிறீர்கள் என்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேட்டரி ஒயரில் கிளாம்ப் போட்டுப் பாருங்கள். அரை ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர். எட்டு நாளில் 100 ஆம்பியர் அவர் பேட்டரி காலி. ஸ்டாண்ட்பையில் விட்ட இன்வெர்ட்டர், ஸ்டீரியோ, கேஸ் டிடெக்டர் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினால் எண் எங்கே விழுகிறதோ அங்கே ஆள் பிடிபட்டான்.

கடைசியாக 230 வோல்ட். இங்கே தவறு உயிரைக் கேட்கும். பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டரையும் அணைத்த பிறகே கை வையுங்கள். கனகபுரா ரோட்டுத் தோட்டம் எதிலாவது நிறுத்தி லைன் எடுக்கும்போது, சொருகும் முன் சாக்கெட்டை அளங்கள். எர்த்துத் துளை மேலே இருக்க, வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். ஃபேஸ்-நியூட்ரல் 230 சுமாருக்கு, ஃபேஸ்-எர்த்து அதே அளவு, நியூட்ரல்-எர்த்து இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்-எர்த்து மிகக் குறைவாகக் காட்டினால் எர்த்து இல்லை. அந்த சாக்கெட்டில் மாட்டாதீர்கள். ராத்திரி 190-க்குக் கீழே இறங்கினால் ஏசி ஓட்ட வேண்டாம். வண்டிக்குள் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும், ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போல் எம்சிபியும் இருக்க வேண்டும். வெளிக் கரண்ட்டும் இன்வெர்ட்டரும் ஒரே நேரத்தில் ஒரே லைனில் சேராதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். சேர்ந்தால் அடுத்த நொடியே இன்வெர்ட்டர் புகைந்துவிடும். எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 ஸ்கொயர் இருக்கட்டும். ரீலில் சுற்றியபடியே ஏசியோ கீசரோ ஓட்டினால் உள்சுற்று உருகும், மொத்த ஒயரையும் தரையில் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட வேண்டும்.