குழாய் நிறையவே இல்லை

பொது வனங்களில் சாலைகளையும் பாலங்களையும் பராமரிக்கும் பொறியியல் பிரிவில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தபோது, சாலை அமைப்பதே என் வேலை என்று நினைத்திருந்தேன். மழைநீரைச் சாலையிலிருந்து விரைவாக வெளியேற்றுவதுதான் அந்த வேலையில் பெரும்பங்கு என்பது புரியச் சில மழைக்காலங்கள் ஆயின. வனச் சாலை பெரும்பாலும் தார் காணாத மண் சாலை. அதிலிருந்து கரைந்து போகும் நுண்மண் ஓடையில் படிந்தால், கூழாங்கற்களின் இடுக்குகளில் கிடக்கும் மீன் முட்டைகள் உயிர்வளியின்றி அழியும். ஆகவே நாங்கள் செய்யும் பிழை சாலையோடு முடிந்துவிடுவதில்லை.

பிரிவின் மேலாளராகப் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில், மலைச்சரிவில் ஓடையைக் கடக்கும் ஒரு குழாய்ச் சிறுபாலம் ஒரே இரவில் செயலிழந்தது. நூறாண்டு வெள்ளத்துக்குக் கணக்கிட்டு அதன் அளவைத் தீர்மானித்தவர் எங்கள் பிரிவின் இளம் பொறியாளர் ஒருவர். நூறாண்டு வெள்ளம் என்பது ஆண்டுதோறும் 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளம் என்பதையும், 30 ஆண்டுகளில் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு என்பதையும், நிதி கேட்கும் கூட்டங்களில் நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் குழாய் கொண்டுசெல்லும் நீர் ஏறத்தாழ 6 மடங்காகும் என்று இளையவர்களுக்குப் பெருமையோடு சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். ஆனால் அன்று பெய்தது பெருமழையே அல்ல. குழாய்க்குள் இறங்கிப் பார்த்தபோது, நீர் தொட்ட தடம் பாதி உயரத்தைக்கூட எட்டவில்லை. வெளிவாய்ப் பக்கம் குழாய் ஏறக்குறைய காலியாகவே இருந்திருக்கிறது. உள்வாயை விழுந்த கிளைகளும் கற்களும் அடைத்துவிட்டன. வழியிழந்த நீர் சாலைமீது ஏறி, அதன் இறக்கத்திலேயே வெகுதூரம் ஓடிப் பள்ளம் பறித்து, கடைசியில் சரிவை உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்திருக்கிறது.

கணக்கில் கையெழுத்திட்டவர் யார் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கணக்கு சரி. தவறு வேறிடத்தில் இருந்தது: மழைக்காலத்துக்கு முன் குழாய்வாய்களைப் பார்வையிட்டுச் சுத்தம் செய்ய ஒதுக்கிய தொகையை, ஒரு பாலத்தின் பழுதுக்காக நான் திருப்பிவிட்டிருந்தேன். அந்த முடிவு என்னுடையது என்று பதில் எழுதினேன். அதைத் துணிச்சல் என்று சிலர் பாராட்டியது எனக்குச் சங்கடமாகவே இருந்தது. கோப்பில் என் குறிப்பு தேதியோடு இருந்தது, மறைக்க வழியும் இல்லை.

அதற்குப் பின்பு நடந்த வடிவமைப்புக் கூட்டத்தில், அந்தச் சாலையைப் பல ஆண்டுகளாகச் சமன் செய்துவந்த கிரேடர் ஓட்டுநரையும் உட்கார வைத்தேன். அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று இதில் எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டார். எங்கும் போட்டிருக்கவில்லை. அன்றுமுதல் எங்கள் பிரிவில் அந்தக் கேள்விக்கு விடையில்லாத எந்த வரைபடமும் ஒப்புதலுக்கு வரக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். விடை பெரும்பாலும் எளியது: குழாயைத் தாண்டி, இறக்கத்தில் சற்றுக் கீழே, சாலையைக் குறுக்காகத் தாழ்த்தி ஓர் அகன்ற பள்ளம் அமைத்தால், குழாய் அடைத்த நாளிலும் நீர் அங்கேயே சாலையைக் கடந்து தன் ஓடைக்குத் திரும்பிவிடும். மண்வெட்டும் இயந்திரம் சில மணி நேரம் செய்யும் வேலை அது.

கடினமானது சாலைகளை அகற்றும் பணி. பயன்பாடு முடிந்த சாலையின் குழாய்களைத் தோண்டியெடுத்து, நிரப்பிய மண்ணை விலக்கி, ஓடையைப் பழைய சரிவுக்கே திருப்ப வேண்டும். எத்தனை கிலோமீட்டர் போட்டார் என்பதைக் கொண்டே ஒரு பொறியாளரை மதிப்பிட்டுப் பழகிய இடத்தில், இதைச் செய்தவருக்குப் பதவி உயர்வு கேட்டு நான் எழுதிய முதல் பரிந்துரை திரும்பி வந்தது. மறுமுறை, அகற்றாமல் விட்டிருந்தால் அந்தச் சாலைக்கு ஆண்டுதோறும் ஆகக்கூடிய பராமரிப்புச் செலவைக் கணக்கிட்டு இணைத்து அனுப்பினேன். ஒப்புதல் கிடைத்தது.

நான் ஓய்வுபெறும் முன், அந்தச் சாலையை அகற்றிய பொறியாளரோடு அது இருந்த சரிவுக்குப் போயிருந்தேன். சாலை இருந்த இடத்தை அவர்தான் எனக்குக் காட்ட வேண்டியிருந்தது.