எவ்வளவு பிழைக்குள்?

நம் கணித ஆசிரியர் மறைந்த செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வழியாக வந்து சேர்ந்த இரவில், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகமன்று. மூன்றாம் பாடவேளை ஒன்றில் அவர் கரும்பலகையில் எழுதி இருமுறை அடிக்கோடிட்ட ‘அப்ராக்ஸிமேட்’ என்ற ஆங்கிலச் சொல்.

7 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பை 22/7 கொண்டு கணக்கிட்டு, சமக்குறி போட்டு, 154 என்று எழுதிவிட்டுப் பெருமையோடு நின்றிருந்தேன். “சரியாக 154 தானா?” என்று கேட்டார். ஆமென்றேன். மும்முறை கேட்டார், மும்முறையும் ஆமென்றேன். பிறகு பையின் (π) மதிப்பை 3.14159 என எடுத்து என்னையே பெருக்கச் சொன்னார். வகுப்பு முழுவதும் பார்த்திருக்க, சுண்ணக்கட்டி பிடித்த கை நடுங்க, 153.93791 என்று எழுதி முடித்தேன். சமக்குறியை அழித்துவிட்டு அவ்விடத்தில், கிட்டத்தட்டச் சமம் என்பதைக் குறிக்கும் இரண்டு அலைக்கோடுகளை வரையச் செய்தார். அதை அவமானம் என்றே நெடுங்காலம் மனத்தில் வைத்திருந்தேன்.

ஆனால் அன்று அவர் தொடர்ந்து சொன்னவைதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகின்றன. அச்சொல்லுக்குள் ‘மிக அருகில் உள்ளது’ எனப் பொருள்படும் ‘ப்ராக்ஸிமஸ்’ என்ற இலத்தீன் சொல் இருப்பதையும், நம் ‘கிட்டத்தட்ட’விலும் அதே அருகாமை இருப்பதையும் காட்டினார். ஆரியபட்டர் வட்டத்தின் விட்டம் 20000 என்றால் சுற்றளவு 62832 என்று சொல்லிவிட்டு, அதை ‘ஆசன்னம்’, அதாவது நெருங்கியது, என்று குறித்ததை அவர் சொன்னபோது குரலில் ஒரு மரியாதை இருந்தது. ‘நியர்லி’ என்றால் எண்ணைத் தொடாமல் கீழே நிற்க வேண்டும், 153.9ஐ ‘நியர்லி 154’ எனலாம், 154.1ஐ அப்படிச் சொல்லக் கூடாது. ‘அப்ராக்ஸிமேட்லி’ இருபுறமும் இடம் விடும். ஏறவும் தாழவும் இடம்தரும் நம் ‘ஏறத்தாழ’வை விட அதற்குப் பொருத்தமான தமிழ் எனக்கு இன்றும் கிடைக்கவில்லை. பெயரடையாக வரும்போது ‘அப்ராக்ஸிமேட்’ என்ற சொல்லின் இறுதி ‘மட்’ என ஒடுங்கும் என்பதையும், வினையாக வரும்போது ‘மேட்’ என நீளும் என்பதையும்கூட அவரே எங்களைச் சொல்ல வைத்துத் திருத்தினார்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, அளந்து பார்த்தவனுக்கே அச்சொல்லின் மீது உரிமை உண்டு என்றார். தெரியாததை மூடிமறைக்க அதை எடுப்பவன் சொல்லையும் கெடுக்கிறான், கேட்பவனையும் ஏமாற்றுகிறான். பொறியாளனாக நான் கையொப்பமிடும் ஒவ்வோர் அறிக்கையிலும், ஏறத்தாழ என்று எழுதுமுன் பிழையின் எல்லையை ஒருமுறை கணக்கிட்டுக்கொள்கிறேன்.

ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்த மறு ஆண்டு அவருக்குக் கடிதம் எழுதினேன். எப்போது திரும்புவாய் என்று பதிலில் கேட்டிருந்தார். ‘ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில்’ என்று, எதையும் அளக்காமல், எழுதி அனுப்பினேன். அடுத்த அஞ்சலில் வந்த அட்டையில், அந்த நிமிர்ந்த கையெழுத்தில், ஒரே வரி இருந்தது: “எவ்வளவு பிழைக்குள்?”

அந்த அட்டை என்னிடம் இருக்கிறது. அதற்கு நான் பதில் எழுதவில்லை.