தாடிக்காரரும் பிறப்புச் சான்றிதழும்: ராலே நாட்குறிப்பு

2016 மார்ச் 24, வியாழன்

நேற்றுக் காலை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலச் சட்டமன்றம் இங்கே தலைநகர் ராலேயில் சிறப்புக் கூட்டம் என்று கூடியது. இரவு நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஆளுநர் பாட் மெக்ரோரி கையெழுத்துப் போட்டுவிட்டார். காலையில் மசோதா, இரவில் சட்டம். நம் ஊரில் ரேஷன் அட்டையில் முகவரி மாற்றக்கூட இதைவிட நாளாகும். சிறப்புக் கூட்டத்துக்கு ஒரு நாள் செலவு 42,000 டாலராம். செனட்டில் ஜனநாயகக் கட்சியினர் வெளிநடப்பு செய்ய, 32–0 என்று நிறைவேறியிருக்கிறது.

அப்படி என்ன அவசரம்? பிப்ரவரி 22 அன்று சார்லட் நகர மன்றம் 7–4 வாக்குகளில் ஒரு விதி கொண்டுவந்தது. கடையிலும் ஹோட்டலிலும் டாக்சியிலும் திருநர்களிடமும் தன்பால் ஈர்ப்பாளர்களிடமும் பாகுபாடு காட்டக் கூடாது. திருநர்கள் தங்கள் பாலின அடையாளத்துக்கு உரிய கழிப்பறைக்குப் போகலாம். ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்குள் முந்திக்கொண்டுவிட்டார்கள்.

புதிய சட்டத்தை எல்லோரும் ஹெச்பி 2, அதாவது ஹவுஸ் பில் 2, என்கிறார்கள். சில பக்கங்கள்தான், மதிய உணவோடு படித்து முடித்துவிட்டேன். அரசுப் பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் பலர் பயன்படுத்தும் கழிப்பறைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் போக வேண்டும். செய்தியில் எல்லோரும் பேசுவது இந்தப் பகுதியைத்தான். அதற்குக் கீழே ஊராட்சிகளும் நகரங்களும் தனியாருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கக் கூடாது என்று இருக்கிறது. அதற்கும் கீழே, இனத்துக்காகவோ மதத்துக்காகவோ வயதுக்காகவோ வேலையை விட்டு நீக்கினால் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழியை அடைத்திருக்கிறார்கள். கழிப்பறைக் கதவைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட கதை.

2016 மார்ச் 30, புதன்

நான் ஒப்பந்த ஊழியர். மாநில அரசு அலுவலகம் ஒன்றில் தரவுத்தளம் பார்க்கிறேன். ஆகவே எங்கள் கட்டடத்துக்குச் சட்டம் நேரடியாகப் பொருந்தும்.

எனக்கு அடுத்த மேசையில் இருப்பவர் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவர். இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். நெஞ்சைத் தொடும் தாடி, தோளகலம், கனத்த குரல். முதன்முதலில் பார்த்தபோது லாரி ஓட்டியவராக இருப்பாரோ என்று நினைத்தேன். பல வருடங்களாக ஆண்கள் கழிப்பறைக்குத்தான் போகிறார். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் தோன்றியதில்லை. சட்டப்படி இப்போது அவர் பெண்கள் கழிப்பறைக்கு வர வேண்டும்.

வரமாட்டார். அதற்குப் பதிலாகச் சரக்கு இறக்கும் வாசலுக்குப் பக்கத்தில் ஒருவர் மட்டும் போகும் கழிப்பறை இருக்கிறது, அங்கே போகிறார். காவலரிடம் சாவி வாங்க வேண்டும். அந்தச் சாவியை யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாதென்று முழ நீளக் கட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதை முழுவதும் நடந்தால் எங்கே போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மேசையில் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார். இந்த வாரம் அது நிரம்பியபடியே இருக்கிறது. ஏன் என்று கேட்கவில்லை. பள்ளியில் கழிப்பறை சரியில்லாமல், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளித்த பெண்கள் நாங்கள். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

“சான்றிதழை மாற்றிக்கொள்ள முடியாதா?” என்று மட்டும் கேட்டேன். வட கரோலினாவில் பிறந்தவர்கள் அறுவை சிகிச்சை செய்து மருத்துவரின் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாமாம். இவர் பிறந்தது பக்கத்து மாநிலமான டென்னசியில். அங்கே என்ன செய்தாலும் மாற்றித் தரமாட்டார்கள், சட்டமே தடுக்கிறது.

என் பிறப்புச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. திருமங்கலம் நகராட்சி கொடுத்தது. அப்பா பெயர், அம்மா பெயர், ‘பெண்’, எல்லாம் தமிழில். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. கிரீன் கார்டுக்காக இரண்டு அத்தைகளிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காகிதம்தான் நாளைக்கு என்னைக் கழிப்பறைக்குள் விட வேண்டுமா? வாசலில் தமிழ் படிக்கத் தெரிந்த காவலரை வைப்பார்களா? வைக்கமாட்டார்கள். சட்டத்தில் காவலும் இல்லை, தண்டனையும் இல்லை. அப்படியானால் சோதிப்பது யார்? பக்கத்தில் கை கழுவுகிறவர்தான். முடியைக் குட்டையாக வெட்டிய பெண், உயரமான பெண், குரல் தடித்த பெண் என்று இனி யாரையும் யாரும் ஏற இறங்கப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை வழக்குத் தொடர்ந்துவிட்டார்கள். சட்டத்துக்கு ஆதரவாக வாதாடமாட்டேன் என்று மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பரே நேற்றுச் சொல்லிவிட்டார்.

2016 ஏப்ரல் 10, ஞாயிறு

இன்று இதே மாநிலத்தின் கிரீன்ஸ்பரோவில் நடக்கவிருந்த கச்சேரியை ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சட்டத்தை எதிர்த்து ரத்து செய்துவிட்டார். இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால் சார்லட்டில் தருவதாக இருந்த 400 வேலைகளும் அதே காரணத்தால் செவ்வாய்க்கிழமையே போய்விட்டன. பக்கத்து ஊரான கேரியில் கோவில் சாப்பாட்டுக் கூடத்தில் இதே பேச்சு.

எங்கள் குடும்ப நண்பர் ஒருவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம், புளியோதரையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். “என்னம்மா நீ, உனக்கும் பெண் இருக்கிறாள். எவனாவது சேலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தால் என்ன செய்வாய்?”

“போலீஸைக் கூப்பிடுவேன், அண்ணா. ஒளிந்து பார்ப்பதும் கை வைப்பதும் போன மாதம் வரை சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்ததா? இன்றும் குற்றம், அன்றும் குற்றம். பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவன் கெட்டவனா?” என்றேன். பிறகு என் மேசைத் தோழரைப் பற்றிச் சொன்னேன். “தாடியும் மீசையுமாக ஒருவர் உங்கள் மகள் இருக்கும் கழிப்பறைக்குள் நுழைய வேண்டும் என்று சொல்வது இந்தச் சட்டம்தான், நான் இல்லை.”

அண்ணா கொஞ்சம் யோசித்தார். “சரி, தனியாக ஒன்று கட்டிக் கொடுத்தால் தீர்ந்தது. நம் உச்ச நீதிமன்றமே அப்படித்தானே சொன்னது?”

சொன்னதுதான். திருநர் உரிமை பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் தந்த 2014 ஏப்ரல் 15 தீர்ப்பில் தனிக் கழிப்பறை பற்றி ஒரு வரி இருக்கிறது. ஆனால், தன் பாலினம் எது என்று முடிவு செய்வது அந்த மனிதரின் உரிமை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உயிர். அதை விட்டுவிட்டு வாலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால் எப்படி? தனி அறை கேட்கிறவருக்குத் தனி அறை இருக்கட்டும். கேட்காதவர் கையில் கட்டையைக் கொடுத்து அனுப்புவது வேறு.

ஊருக்குப் போன் போட்டபோது அம்மாவிடம் சொன்னேன். “நம் பஸ் நிலையக் கழிப்பறையில் தாழ்ப்பாளே இல்லை. அங்கே கதவுக்குச் சான்றிதழா?” என்று கேட்டுவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டார்.

2016 ஏப்ரல் 25, திங்கள்

சட்டமன்றம் மறுபடி கூடியது. சட்டமன்றம் இருக்கும் ஜோன்ஸ் தெருவில் இரு தரப்பும் திரண்டிருந்தன. சட்டத்தை நீக்கக் கோரும் கையெழுத்துகளைப் பெட்டி பெட்டியாக ஆளுநர் அலுவலகத்துக்குச் சுமந்து போனார்கள். உள்ளே உட்கார்ந்தவர்களில் பலரைக் கைது செய்தார்கள். நான் மதிய இடைவேளையில் போய்த் தெருவோரம் நின்றுவிட்டு வந்தேன். குடியுரிமை இல்லாதவளுக்குக் கைது என்பது வேறு கணக்கு. வரி உண்டு, வாக்கு இல்லை.

2016 மே 10, செவ்வாய்

மத்திய அரசு மாநிலத்தின் மீதும், மாநிலம் மத்திய அரசின் மீதும் நேற்று ஒரே நாளில் வழக்குப் போட்டிருக்கின்றன. அறிவித்தவர் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் லோரெட்டா லிஞ்ச். கிரீன்ஸ்பரோவில் பிறந்த கறுப்பினப் பெண். இந்த மாநிலத்தில் கழிப்பறை வாசலிலும் குடிநீர்க் குழாயிலும் பலகை மாட்டி மக்களைப் பிரித்த காலம் அவ்வளவு தொலைவில் இல்லை என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் மேடைப் பேச்சு என்று விட்டிருப்பேன். 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தது அதே கிரீன்ஸ்பரோவில்தான். அந்தக் கடை இப்போது அருங்காட்சியகம். மகளை அழைத்துப் போயிருக்கிறேன்.

என் தோழர் அந்தப் பேச்சைக் காதில் இயர்போனோடு கேட்டார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

2016 ஆகஸ்ட் 27, சனி

நீதிபதி தாமஸ் ஷ்ரோடர் இடைக்காலத் தடை கொடுத்திருக்கிறார். வழக்குத் தொடர்ந்த மூன்று பேருக்கு மட்டும், அதுவும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மட்டும். மற்றவர்களுக்குச் சட்டம் அப்படியே நிற்கிறது. வேலை நீக்க வழக்கு பற்றிய பகுதியை மட்டும் போன மாதம் சட்டமன்றமே சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டது. மற்றவர்களின் உரிமை திரும்ப வந்தது, திருநர்களுடையது மட்டும் வரவில்லை.

2016 செப்டம்பர் 15, வியாழன்

ஜூலையில் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏ இந்தச் சட்டத்தால் தன் நட்சத்திர ஆட்டத்தைச் சார்லட்டிலிருந்து எடுத்தது. இந்த வாரம் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ ஏழு போட்டிகளை வெளியே கொண்டுபோகிறது. நேற்று இந்தப் பகுதிக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பான ஏசிசியும் சேர்ந்துகொண்டது. இங்கே கூடைப்பந்து என்றால் குலதெய்வம் மாதிரி. ஆறு மாதமாக வாயைத் திறக்காத என் மேலாளர் இன்று, “இந்தச் சட்டத்தை ஒழித்துக்கட்ட வேண்டும்” என்றார்.

மகிழ்ச்சிதான். ஆனால் கசப்பும் இருக்கிறது. ஒருவர் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தது கண்ணில் படவில்லை. பந்து ஊரை விட்டுப் போனதும் பட்டுவிட்டது. தோழரிடம் சொன்னபோது சிரித்தார். “எந்த வழியாக வந்தால் என்ன, வரட்டும்” என்றார். அவரால் அப்படிச் சொல்ல முடிகிறது. எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

2016 டிசம்பர் 22, வியாழன்

டிரம்ப் வென்ற இதே மாநிலத்தில் மெக்ரோரி தோற்றார், சுமார் 10,000 வாக்குகளில். இம்மாதம் 5ஆம் தேதிதான் ஒப்புக்கொண்டார். ராய் கூப்பர் ஆளுநராகிறார். சார்லட் தன் விதியை நீக்கினால் ஹெச்பி 2 நீங்கும் என்று பேச்சு. சார்லட் நீக்கியது. நேற்றுச் சட்டமன்றம் கூடி, நாள் முழுவதும் வாதாடி, நீக்காமல் கலைந்தது.

2017 மார்ச் 31, வெள்ளி

ஹெச்பி 2 நேற்று நீக்கப்பட்டது. அந்தச் சட்டத்தால் மாநிலத்துக்கு 12 ஆண்டுகளில் 376 கோடி டாலர் இழப்பு ஏற்படும் என்று அசோசியேட்டட் பிரஸ் இந்த வாரம் கணக்குக் காட்டியது. சட்டம் நீங்காவிட்டால் இனியும் போட்டிகள் இங்கே வராது என்ற என்சிஏஏ கெடுவும் நெருங்கியது. கூப்பர் கையெழுத்திட்டார்.

வந்திருப்பது ஹெச்பி 142. பிறப்புச் சான்றிதழ் வரி போய்விட்டது. ஆனால் கழிப்பறை பற்றி இனி மாநிலச் சட்டமன்றத்தைத் தவிர யாரும் விதி செய்யக் கூடாது. தனியார் வேலையிலும் கடைகளிலும் பாகுபாட்டைத் தடுக்க எந்த நகரமும் 2020 டிசம்பர் 1 வரை புதிய விதி கொண்டுவரக் கூடாது. திருநர் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று ஒரு வரியும் இல்லை. “இப்போது நான் எங்கே போவது?” என்று தோழர் கேட்டார். சட்டத்தை மறுபடி படித்தோம். விடை இல்லை. அவர் எழுந்து ஆண்கள் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார்.

மாலையில் அண்ணாவிடமிருந்து வாட்ஸ்அப்: “சட்டம் போய்விட்டது. இப்போது சந்தோஷம்தானே?” 2020 டிசம்பர் 1 என்று மட்டும் பதில் அனுப்பினேன். அது என்ன தேதி என்று கேட்டிருக்கிறார். நாளை உட்கார்ந்து விளக்கமாக எழுத வேண்டும்.