பெட்டிமேல் யார் பெயர்?

போர்டு கேமில் டெவலப்பர் என்றால் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவர் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் யாரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

2008-இல் வந்த டொமினியன் என்ற சீட்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் 10 சீட்டோடு ஆரம்பித்து, ஆட்டத்தின் நடுவிலேயே புதுச் சீட்டுகள் வாங்கி அவரவர் சீட்டுக்கட்டை அவரவரே வளர்க்க வேண்டும் என்ற யோசனை டொனால்ட் எக்ஸ். வக்காரினோவுடையது. அவர் வடிவமைப்பாளர். டெவலப்பர்கள் வேலரி புட்மன், டேல் யூ என்ற இரண்டு பேர். அந்த வேலை என்னவென்றால், ஒரு சீட்டின் விலை மூன்றா நான்கா, எந்த இரண்டு சீட்டு சேர்ந்தால் ஆட்டமே கெட்டுப்போகிறது, விதியில் இந்த வரியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்களா, நான்கு பேர் ஆடினால் இழுத்துக்கொண்டே போகிறதா என்று ஆடி ஆடிப் பார்த்து, வெட்டி, திருத்தி, மறுபடி ஆடிப் பார்ப்பது. தன் ஆட்டத்தின் குறை தன் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியாது, அதற்கு இன்னொருவர் வேண்டும்.

வடிவமைப்பாளர் பெயரே பெட்டியில் வர ஒரு காலத்தில் போராட வேண்டியிருந்தது. 1988-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது வடிவமைப்பாளர்கள் சிலர், பெயர் போடாத நிறுவனத்துக்கு ஆட்டம் தரமாட்டோம் என்று பீர் கோப்பை வைக்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் நிலைமை மாறியது. டெவலப்பர் பெயர் மட்டும் இன்னும் பல ஆட்டங்களில் விதிப்புத்தகத்தின் ஏதோ ஒரு மூலையில், பொடி எழுத்தில்தான் இருக்கிறது. எனக்கு இது உண்மையாகவே வருத்தம். புது ஆட்டம் வாங்கினால் முதலில் அந்த மூலையைத்தான் தேடுகிறேன்.