கேரட் மட்டும் அழகாக வந்தது

கடற்பாசியில் புது இனம் சிக்கிவிட்டது என்று மூன்று வாரமாகத் துள்ளிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி நுண்ணோக்கியில் பார்த்த ஒரே ஒரு குறுக்குவெட்டு அதை முடித்து வைத்தது.

பாசி உல்வா என்ற பச்சைக் கடற்பாசிப் பேரினம்தான், அதில் சந்தேகமில்லை. அடியில் ஒல்லிக் குழாய், மேலே போகப் போக நாடாபோலத் தட்டை, ஓரமெல்லாம் சுருக்கம். அந்தக் காலமாக இருந்தால் தட்டையென்றால் உல்வா, குழாயென்றால் எண்டரோமார்ஃபா என்று முடித்திருக்கலாம். 2003இல் மரபணுவைப் பார்த்து இரண்டையும் உல்வாவிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் இது ஈரடுக்கு இலையா, நசுங்கிய குழாயா என்று தெரிந்தாக வேண்டும்.

அந்த வெட்டுதான் உயிரை வாங்கியது. பாசி வழுக்குகிறது. கேரட் துண்டுக்கு நடுவில் வைத்துச் சீவினால் கேரட் மட்டும் அழகாக வருகிறது. சீவல் கொஞ்சம் தடித்தாலும் ஸ்லைடில் சாய்ந்து படுத்துக்கொள்கிறது. மேல்பரப்பைப் பார்த்துவிட்டு குறுக்குவெட்டு என்று நான் ஏமாந்தது ஒருமுறை இரண்டுமுறை இல்லை. கடைசியில் பலித்த வழி: பாசியை நான்காக மடித்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, கேரட்டுக்குள் இறுக்கி, பிளேடை அழுத்தாமல் நம் பக்கம் இழுப்பது. முப்பது சீவலில் இரண்டு தேறும். இருபக்கமும் கூருள்ள பழைய வகை பிளேடுதான் சரி. பத்துச் சீவலுக்கு ஒரு புது முனை. இதில் கஞ்சத்தனம் பார்த்தால் செல்கள் கிழிந்து வரும்.

தேறிய சீவலில் நடுவே இரண்டு அடுக்கும் ஒட்டியிருந்தன. ஓரத்தில் மட்டும் பிரிந்து ஒரு சின்னப் பொந்து. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அது உல்வா லின்சாவின் அடையாளம்! உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753லேயே பெயர் வைத்துவிட்ட பாசி. அயோடின் விட்டுப் பார்த்தேன், பெரும்பாலான செல்களில் ஒரே பைரினாய்டு (பசுங்கணிகத்தில் மாவுப்பொருள் சூழ்ந்திருக்கும் புரதத் திரள்). அதுவும் ஒத்துப்போகிறது.

ஆனால் லின்சாவும் உல்வா புரோலிஃபெராவும் (2008 ஒலிம்பிக்கின்போது சீனாவின் சிங்தாவ் கடலை மூடியதே, அந்தப் பாசிதான்) மரபணுவிலேயே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. இனம் பிரிக்க வழக்கமாகப் பார்க்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, 5எஸ் இடைவெளி என்ற இன்னொரு பகுதியும் வேண்டும். டியூஃப்ஏ (tufA) என்ற மரபணுவும் எடுக்கலாம், ஆனால் அது பாக்டீரியாவுக்கும் உண்டு. பாசியைத் துடைக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்பினால் பாக்டீரியாவின் முகவரிதான் திரும்பி வரும். மரபணுச் சோதனைக்காக ஒரு துண்டை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டிருக்கிறேன். ஜெல்லைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், செருப்புப் பெட்டிப் பொட்டலங்களைச் சூடாக்கி உலர்த்தினாலே போதும்.

துண்டை இன்னும் அனுப்பவில்லை. அதற்குள் கிளாடோஃபோரா பக்கம் மனம் போய்விட்டது, இழைப்பாசிக்கு வெட்டே வேண்டாம் பாருங்கள். உலர்மாதிரித் தாளில் இப்போதைக்கு 'லின்சா' என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.