ஷிப்மென்ட் போன பிறகு, கட்டிங் டேபிளைச் சுற்றி

அந்த ஆர்டரில் மொத்தம் 36,000 டி-ஷர்ட்கள். அவற்றில் 9,000 பீஸ் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் போயின. திருப்பூரில் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற வேண்டிய சரக்கு நம் தாமதத்தால் விமானம் ஏறினால், அந்தச் செலவை நாம்தான் ஏற்க வேண்டும். மூன்று மாத உழைப்பில் கிடைக்க வேண்டிய லாபம் சரக்குக் கட்டணத்திலேயே கரைந்துபோனது.

அந்த டி-ஷர்ட்களைத் தைத்த தொழிற்சாலையில் நான் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். பையருக்கும், அதாவது ஆர்டர் கொடுக்கிற நிறுவனத்துக்கும், தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்கிற வேலை. ஷிப்மென்ட் போன அடுத்த திங்கட்கிழமை, முதலாளி அறையில் வழக்கமான ரிவ்யூ மீட்டிங் நடந்தது. முதல் கேள்வியே "யாரால் இப்படி ஆனது?" என்பதுதான். துணி தாமதமாக வந்தது என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். துணிப் பிரிவு சாயப்பட்டறையைக் கை காட்டியது. சாயப்பட்டறைக்காரர் அந்த அறையில் இல்லை. அதனால் பழி அங்கே போய் நின்றுவிட்டது. "இனி எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும்" என்று மினிட்ஸ் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலைந்தோம்.

அன்று மாலை அந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். அதே வரி ஏழு ஆர்டர்களுக்கு எழுதப்பட்டிருந்தது. அதில் நான்கு என் கையெழுத்து. அதைப் பார்த்த பிறகு எனக்கு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தவனிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது உண்டு மாமா. ரெட்ரோஸ்பெக்டிவ் என்போம். வேலை முடிந்ததும் உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பது. ஆனால் நீங்கள் சொல்வது மாதிரி இருக்காது" என்றான். எப்படி இருக்கும் என்று துருவித் துருவிக் கேட்டேன். அவன் சொன்னதில் இரண்டு செய்திகள் மனத்தில் தங்கின. 1970களில் அமெரிக்க ராணுவம் தன் பயிற்சிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியது. பயிற்சி முடிந்த கையோடு எல்லோரும் உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் மாறியது? அடுத்த முறை என்ன செய்யப்போகிறோம்? நான்கிலும் "யார்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்தேன்.

இரண்டாவது, நார்மன் கெர்த் என்ற அமெரிக்க மென்பொருள் ஆலோசகர் 2001இல் எழுதிவைத்த ஒரு நிபந்தனை. அன்றைக்குத் தனக்குத் தெரிந்ததையும், தன் திறமையையும், கையில் இருந்த வசதியையும் வைத்து ஒவ்வொருவரும் தம்மால் முடிந்த அளவு நன்றாகவே செய்தார்கள் என்று நம்பிக்கொண்டுதான் இந்தக் கூட்டத்தைத் தொடங்க வேண்டுமாம். முதலில் கேட்டபோது தவறு செய்தவர்களைத் தப்பவிடும் பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. "அன்றைக்குத் தெரிந்ததை வைத்து" என்ற பகுதி எவ்வளவு கூர்மையானது என்பது பிறகுதான் புரிந்தது.

முதலாளியிடம் போய் மூன்று விஷயங்கள் கேட்டேன். 12 பேருக்கு அரை நாள் வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அவர் அங்கே இருக்கக் கூடாது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னதை வைத்து எவருக்கும் மெமோவோ, வெளியே கூலிக்கு வேலை செய்து தரும் எந்த ஜாப் ஒர்க்காரருக்கும், நஷ்டத்தை அவர் பில்லில் கழிக்கிற டெபிட் நோட்டோ போகக் கூடாது. அரை நாளுக்கு உடனே ஒப்புக்கொண்டார். தான் வெளியே இருப்பதற்குச் சற்று முகம் சுளித்துவிட்டு ஒப்புக்கொண்டார். டெபிட் நோட்டு விஷயத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் டெபிட் நோட்டு என்பது வெறும் காகிதம் இல்லை. சிறிய பட்டறைக்காரருக்கு ஒரு மாத வருமானமே அதில் போய்விடும். அந்தப் பயம் இருக்கும்வரை ஒருவரும் உண்மையைச் சொல்லப்போவதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் "சரி, ஒரு முறை பார்ப்போம்" என்றார்.

முதலாளி அறையை விட்டுவிட்டுக் கட்டிங் பிரிவுக்குப் போனோம். கட்டிங் மாஸ்டர் மார்க்கர் பேப்பரை எடுத்து டேபிளின் நீளத்துக்கு, ஏறக்குறைய 20 அடி, விரித்துக் கொடுத்தார். ஆர்டர் உறுதியான நாளிலிருந்து கடைசிப் பெட்டி வண்டி ஏறிய நாள்வரை அதில் தேதிகளைக் குறித்தேன். நூல், நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அழுத்திச் சீராக்குவது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என எதை எந்தத் தேதியில் முடிப்பதாகத் திட்டமிட்டோம் என்பது நீல மையில். எப்போது முடிந்தது என்பது சிவப்பு மையில். அதற்காக டெலிவரி சலான்கள், கேட் பதிவேடு, என் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இரண்டு நாள் புரட்ட வேண்டியிருந்தது. இந்த இரண்டு நாள் வேலையைச் செய்யாமல் இப்படி ஒரு கூட்டத்தை யாரும் கூட்ட வேண்டாம் என்பேன். தேதி எதிரில் இருந்தால் மனிதர்கள் அதைப் பார்த்துப் பேசுகிறார்கள். இல்லாவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள். பேச்சு உடனே சூடாகிவிடுகிறது.

ஆளுக்குச் சில துண்டுச் சீட்டுகள் கொடுத்தேன். கேள்வி ஒன்றுதான்: "எந்தத் தேதியில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?" பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, எழுத வேண்டும். எழுதுவதில் சிரமம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம். தையல் லைனிலிருந்து வந்திருந்த ஒடிசாக்காரத் தம்பி இந்தியில் சொல்ல, லைன் சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார். பேசச் சொல்லியிருந்தால் எப்போதும் போலப் புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவர்தான் பேசியிருப்பார். பத்து நிமிடத்தில் காகிதத்தின் மேல் முப்பதுக்கு மேற்பட்ட சீட்டுகள் கிடந்தன.

எல்லோரும் டேபிளைச் சுற்றி நடந்து படித்தோம். 11ஆம் தேதிக்கு நேரே ஒரு சீட்டு இருந்தது: "ரிப் வேறு லாட். பாடி துணியோடு கலர் சேருமா என்று சந்தேகம்."

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டி-ஷர்ட்டின் உடம்புக்கு ஒரு துணி, கழுத்துப் பட்டிக்கு ரிப் என்கிற வேறு துணி. இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வேறு வேறு லாட்டாக, அதாவது தனித்தனித் தடவையாகச் சாயமேற்றினால் நிறம் ஒட்டாமல் போக வாய்ப்பு அதிகம். அதிலும் ஓர் ஏமாற்று உண்டு: பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் கடை விளக்கின் கீழ் வேறு வேறாகத் தெரியும். அதனால்தான் லைட் பாக்ஸ் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். எங்கள் கருநீலம் டி65இல் ஒட்டியது. டிஎல்84இல் கழுத்து மட்டும் லேசாகச் சிவப்படித்தது. தைத்து முடித்த சட்டையில் செக்கிங் அக்கா அதைக் கண்டுபிடித்தது 19ஆம் தேதி. அதற்குள் ஆயிரக்கணக்கில் வெட்டித் தைத்தாகிவிட்டது.

அப்படியென்றால் 11ஆம் தேதியே ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. இடையில் எட்டு நாட்கள். டேபிளைச் சுற்றி ஒருவரும் பேசவில்லை. பழைய மீட்டிங்காக இருந்தால் அடுத்த வார்த்தை "இது யார் எழுதியது?" என்றுதான் வந்திருக்கும்.

நான் என் சீட்டை எடுத்து வாசித்தேன். "9ஆம் தேதி பையரிடமிருந்து மெயில் வந்தது. ரிப்பையும் டிஎல்84இல் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதைச் சாயப்பட்டறைக்கு மட்டும் அனுப்பினேன். துணிப் பிரிவுக்குச் சொல்லவில்லை." இதைச் சொல்லும்போது என் குரல் லேசாக நடுங்கியது. அந்த மெயிலை நான் இரண்டு இடத்துக்கும் அனுப்பியிருந்தால் துணிப் பிரிவே லைட் பாக்ஸைத் திறந்திருக்கும்.

சிறிது நேரம் கழித்து ஃபேப்ரிக் இன்சார்ஜ் அண்ணன் தொண்டையைச் செருமினார். என்னை விட வயதில் மூத்தவர், துணியைத் தொட்டே அதன் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை) சொல்லிவிடுவார். "அது நான் எழுதியது சார். என் நோட்டில் அன்றைக்கே குறித்து வைத்திருக்கிறேன். சொல்லத்தான் இல்லை." ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார். "போன வருடம் இதே மாதிரி ஒரு சந்தேகத்தில் கட்டிங்கை நிறுத்தினேன். பார்த்தால் கலர் சரியாக இருந்தது. ஒரு நாள் கட்டிங் போனது. எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதுவதோடு சரி."

அன்று அவரைத் திட்டியது நான். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. "திட்டியது நான்தான் அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அங்கேயே கேட்டேன். ஒரு வருடத்துக்கு முன் நான் கோபத்தில் சொன்ன நான்கு வார்த்தைகள் 9,000 பீஸை விமானத்தில் ஏற்றியிருக்கின்றன என்பதை அந்தக் காகிதத்தில் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து என்ன செய்வது என்பதற்குப் பத்து யோசனைகள் வந்தன. ஆளுக்கு மூன்று சட்டைப் பட்டன்கள் கொடுத்து, முக்கியம் என்று தோன்றுவதன் மேல் வைக்கச் சொன்னேன். பட்டன்கள் அதிகம் விழுந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். கட்டிங் தொடங்கும் முன் பாடி துணியிலும் ரிப்பிலும் ஒவ்வொரு துண்டு எடுத்துச் சேர்த்துத் தைத்து, இரண்டு விளக்கிலும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஃபேப்ரிக் இன்சார்ஜ் அரை நாள்வரை கட்டிங்கை நிறுத்தலாம். சந்தேகம் பொய்யாகப் போனாலும் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. முதலாளி கடைசி அரை மணி நேரத்துக்கு வந்தபோது இந்த இரண்டையும் அவர் முன் படித்தோம். அவர் அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார். மற்ற எட்டையும் விட்டுவிட மனம் வரவில்லைதான். ஆனால் பத்தையும் எழுதிக்கொண்டு போயிருந்தால் அது பழைய நோட்டின் வரி மாதிரியே ஆகியிருக்கும்.

இதற்குப் பிறகு எல்லாம் சீராகப் போய்விடவில்லை. அடுத்த கூட்டம் சொதப்பியது. ஆர்டர் மூன்று மாதம் ஓடியதால் ஆரம்பத்தில் நடந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. அதிலிருந்து ஷிப்மென்ட் முடியும்வரை காத்திருப்பதை விட்டோம். சாம்பிள் ஒப்புதல் ஆனதும் அரை மணி நேரம், கட்டிங் தொடங்கிய மறுநாள் அரை மணி நேரம், கடைசியில் பெரிய கூட்டம். ஒவ்வொன்றும் முந்தைய முடிவைப் படித்து, நடந்ததா இல்லையா என்று கேட்பதில்தான் தொடங்கும். நடக்கவில்லை என்றால் புதிய முடிவு எதுவும் எடுப்பதில்லை. பழையது ஏன் நடக்கவில்லை என்பது மட்டுமே அன்றைய பேச்சு.

நான்கு மாதம் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கூட்டம் போட ஆரம்பித்த பிறகு தவறுகள் அதிகமாகிவிட்டனவே?" பதிவேட்டில் எண்ணிக்கை உண்மையாகவே கூடியிருந்தது. இதற்கும் என் அக்கா மகன்தான் கை கொடுத்தான். 1990களில் ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகமாக இருந்தன. அங்கே ஆட்கள் பயமில்லாமல் சொன்னதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் கண்டார். இதை முதலாளிக்குச் சொல்லிவிட்டு எங்கள் பதிவேட்டையே திறந்து காட்டினேன். கூடியவை எல்லாம் கட்டிங்குக்கு முன் பிடிபட்டவை. தைத்த பிறகு பிடிபட்டவை குறைந்திருந்தன. அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயப்பட்டறை சூப்பர்வைசர் மட்டும் வரவே இல்லை. அழைத்தபோதெல்லாம் வேலை இருக்கிறது என்பார். டெபிட் நோட்டு வராது என்ற வாக்கை அவர் நம்பவில்லை. நம்பாததில் தவறும் இல்லை. ஒரு வருடம் ஆகப்போகிற சமயத்தில், வேறொரு தவறில் அவர் பட்டறைக்கு நோட்டு போகாமல் இருந்ததைப் பார்த்த பிறகு வந்தார். இரண்டு கூட்டங்களில் டீ குடித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனார். மூன்றாவதில் ஒரே ஒரு சீட்டை எழுதி, சாயத்துக்கு நேரே வைக்காமல் நிட்டிங்குக்கு நேரே வைத்தார்.

"பாடி துணியும் ரிப்பும் ஒரே நாளில் வந்தால் ஒரே மெஷினில் போட்டுவிடுவேன். நீங்கள் ரிப்பை எப்போதும் மூன்று நாள் கழித்து அனுப்புகிறீர்கள்."

சலான்களை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு ஆர்டரிலும் அப்படித்தான் இருந்தது. ரிப் கொஞ்சம்தானே என்று நிட்டிங்கில் அதைக் கடைசியில் ஏற்றுவது எங்கள் பழக்கம். அந்த வரிசையைப் போட்டுக் கொடுத்தது என் மேஜை. மறுநாள் நிட்டிங்காரருக்குப் போன் செய்து வரிசையை மாற்றச் சொன்னேன். இப்போது நூல் வந்ததும் முதலில் ரிப்தான் மெஷின் ஏறுகிறது.